வண்டி தரையில் நிற்கட்டும், பிறகு முடுக்கலாம்

“பின்னாடி ஏதோ டொக்குன்னு அடிக்குது” என்பது பழைய கார் வைத்திருப்பவர்களின் நிரந்தரப் புகார். நான்கு வழிச் சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது கேட்காது. திண்டிவனம் தாண்டி, மயிலம் கோயிலுக்குத் திரும்ப கூட்டேரிப்பட்டில் சர்வீஸ் ரோட்டில் இறங்கியதும், முதல் வேகத்தடையிலேயே கேட்டுவிடும். உடனே ஷாக் அப்சார்பரை மாற்றுவார்கள். சத்தம் போகாது. ஸ்பிரிங் பட்டையை இறக்கிப் பார்ப்பார்கள். அதுவும் நன்றாகவே இருக்கும். எல்லாச் செலவும் முடிந்த பிறகுதான் கட்டைவிரல் அளவுள்ள ஒரு ரப்பர் உருளை அகப்படும். அதன் பெயர் புஷ். வண்டியிலேயே மலிவான உறுப்புகளில் அது ஒன்று என்பதால் சந்தேகப் பட்டியலிலும் கடைசியில்தான் வருகிறது.

புஷ்ஷின் கதையைச் சொல்ல இந்தச் சாலையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. சென்னையிலிருந்து திண்டிவனம் வரும் இதே ஜி.எஸ்.டி. ரோட்டின் வடக்கு முனையில், பெருங்களத்தூர் – வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1948-இல் சென்னையில் தொடங்கிய அந்த நிறுவனம், 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற காரைத் தயாரித்தது. அம்பாசடரும் ஃபியட்டும் ஆண்ட காலத்தில் தமிழ்நாட்டின் சொந்தக் கார் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. தெற்குச் சீமைக்குப் போன ஹெரால்டுகள் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தாண்டித்தான் போயாக வேண்டும்.

ஹெரால்டு குடும்பக் கார்தான், ஆனால் அதிலிருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் பிறந்தது. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. அதை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி. அதன் சட்டகத்தையே சுருக்கி, அவர் வரைந்த இன்னொரு உடலை மேலே ஏற்றி, 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். ஹெரால்டின் முன் பின் சக்கர இடைவெளி 2,324 மில்லிமீட்டர், ஸ்பிட்ஃபயருக்கு 2,108. மற்றபடி பின்பக்க அமைப்பு ஒன்றேதான். இன்று ஐரோப்பாவில் ஸ்பிட்ஃபயருக்குப் பின்பக்கப் புஷ் மாற்றுகிறவரும், நம் ஊரில் அப்பாவின் ஹெரால்டை ஓட்டுநிலைக்குக் கொண்டுவர நினைப்பவரும் செய்வது அநேகமாக ஒரே வேலை.

அந்தப் பின்பக்க அமைப்பு கொஞ்சம் விசித்திரமானது. அம்பாசடரிலும் லாரியிலும் இருப்பதுபோல ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்கு ஓடும் ஒற்றை இரும்பு அச்சு இதில் இல்லை. டிஃபரன்ஷியல் சட்டகத்தோடு அசையாமல் போல்ட் செய்யப்பட்டிருக்கும். அதன் தலைமேல் வண்டியின் குறுக்கே ஒரு பட்டைக் கட்டு கிடக்கும். பட்டையின் இரண்டு முனைக் கண்களும் இரண்டு சக்கரங்களின் தாங்கிகளைப் பிடித்திருக்கும். டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்கு ஓடும் அரைத்தண்டுக்கு உட்பக்கம் மட்டும்தான் மடங்கும் மூட்டு, அதாவது யூஜே கிராஸ். ஆகவே இந்த ‘ஊசல் அச்சில்’ சக்கரம் கதவு திறப்பதுபோல ஒரு வளைவில் ஏறி இறங்கும். அது முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு தாங்கியிலிருந்தும் முன்னோக்கி ஒரு தண்டு போய் உடலின் அடித்தகட்டில் முடியும். இதைத்தான் ரேடியஸ் ஆர்ம் என்கிறார்கள்.

புஷ்கள் இருப்பது இந்த இணைப்புகளில்தான். பட்டையின் கண் ஒவ்வொன்றிலும் ஒன்று, ரேடியஸ் ஆர்மின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று, ஷாக் அப்சார்பரின் மேலும் கீழும் ஒவ்வொன்று. சக்கரத் தாங்கியின் அடிமூட்டில் மட்டும் ரப்பருக்குப் பதில் நைலான்.

புஷ்ஷை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு சிறு இரும்புக் குழாய், வெளியே ஒரு பெரிய இரும்புக் குழாய், நடுவே ரப்பர். பட்டறையில் சைலன்ட் பிளாக் என்பார்கள். உள்குழாயின் வழியாகப் போல்ட் போகும். வெளிக்குழாய் தண்டின் கண்ணுக்குள் இறுக்கமாக அடித்து இறக்கப்பட்டிருக்கும். போல்ட்டை முடுக்கினால் உள்குழாயின் இரண்டு முனைகளும் பிராக்கெட்டின் காதுகளுக்கு நடுவே நசுங்கிப் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு உள்குழாய் பிராக்கெட்டோடு, வெளிக்குழாய் தண்டோடு. அப்படியானால் சக்கரம் ஏறி இறங்கும்போது எது சுழல்கிறது?

எதுவும் சுழல்வதில்லை. ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். இங்கே இரும்பின்மேல் இரும்பு வழுக்குவதில்லை, இரும்பின்மேல் ரப்பரும் வழுக்குவதில்லை. அதனால் எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம், தேய்மானமும் கிடையாது. கதவுக் கீலைப் போன்ற உறுப்பு இது என்று நினைத்துக்கொள்வதிலிருந்துதான் பட்டறைத் தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன. புஷ் உண்மையில் ஒரு ஸ்பிரிங்.

இரும்பு ஸ்பிரிங்குக்கும் ரப்பர் ஸ்பிரிங்குக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. இரும்பை வளைத்தால் அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் இழுபடுகின்றன, விட்டால் அவை திரும்புகின்றன. ரப்பரில் இருப்பவை ஐசோபிரீன் கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். ஒன்றோடொன்று இடியாப்பம்போலச் சிக்கிக் கிடப்பவை. ரப்பரை இழுத்தால் சிக்கல் பிரிந்து சங்கிலிகள் ஒரே திசையில் நீள்கின்றன. வெப்பத்தால் ஓயாமல் துடிக்கும் சங்கிலிகள் ஒழுங்காக நிற்க மறுத்து, விட்டதும் பழைய குழப்பத்துக்கே போகின்றன. ரப்பரின் மீள்விசை பெரும்பாலும் இந்தக் குழப்பத்தின் விசைதான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். இழுத்தபடியே சற்றுப் பிடித்திருந்து, பிறகு தளரவிட்டு வைத்தால் குளிரும். 1805-இல் இதைப் பதிவு செய்தவர் ஜான் காஃப் என்ற ஆங்கிலேயர். கண் பார்வை இல்லாதவர். அவர் சூட்டை உணரத் தேர்ந்தெடுத்ததும் உதடுகளைத்தான்.

பச்சை ரப்பரில் சங்கிலிகள் மெல்ல வழுக்கி விலகிவிடும். வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பாலங்கள் விழுகின்றன என்ற உண்மைக்கு 1839-இல் சார்லஸ் குட்இயர் வழி திறந்தார். அந்தப் பாலங்கள் இல்லாவிட்டால் புஷ் இல்லை, டயரும் இல்லை. அதோடு கார்பன் கரியைக் கலந்தால் வலிமை கூடுகிறது, வெயிலின் புற ஊதாக் கதிரும் உள்ளே இறங்காது. புஷ் கறுப்பாக இருப்பதன் காரணம் அதுதான்.

பொறியாளருக்கு ரப்பர்மேல் காதல் வரக் காரணமான குணம் இன்னொன்று. ரப்பரின் வடிவத்தை மாற்றுவது சுலபம், கன அளவைக் குறைப்பது மகா கடினம். நழுவி உருமாறுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு ஒரு மெகாபாஸ்கல் அளவில் இருந்தால், எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டு நசுக்கினால் காட்டும் எதிர்ப்பு அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். புஷ்ஷில் இரண்டு குழாய்களுக்கு நடுவே அடைபட்ட ரப்பர், முறுக்கினால் மெத்தென்று கொடுக்கும். பக்கவாட்டில் அழுத்தினாலோ தப்பிக்க இடமில்லாமல் கெட்டியாக நிற்கும். சக்கரம் மேலும் கீழும் தாராளமாக ஆடலாம், முன்னும் பின்னும் அசையக் கூடாது என்று ஒரே உறுப்பிடம் இரண்டு கட்டளை போடுகிறோம். மலிவான அந்த உருளை இரண்டையும் நிறைவேற்றுகிறது.

மூன்றாவது வேலை ஒன்றும் உண்டு. ரப்பர் வாங்கிய ஆற்றலை முழுதாகத் திருப்பித் தராது, கொஞ்சத்தைச் சூடாக்கிக் கரைத்துவிடும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஹெரால்டின் 13 அங்குலச் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய பன்னிரண்டு சுற்றுச் சுற்றுகிறது. சக்கரமும் அச்சும் தாமாகத் துள்ளும் இயல்பான அதிர்வெண்ணும் பெரும்பாலான கார்களில் நொடிக்குப் பத்து முதல் பதினைந்து வரைதான். சமன் கெட்ட சக்கரம் அந்த வேகத்தில் நடுங்குவது இதனால்தான். அந்தத் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பரின் பொறுப்பு. ஆனால் சாலையின் ஜல்லி முகத்திலிருந்து வரும் நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் இரைச்சலை உடலுக்குள் ஏறவிடாமல் வழியிலேயே தடுப்பது புஷ்.

அது செத்துப்போனால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போடுவோம். ரேடியஸ் ஆர்மின் புஷ்கள் கிழிந்து சக்கரம் மூன்று மில்லிமீட்டர் பின்னால் போக இடம் கிடைக்கிறது. அரைத்தண்டின் கிராஸிலிருந்து சக்கரம் வரை தோராயமாக அரை மீட்டர். 500-க்கு 3 என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிகிரி. கண்ணுக்கே தெரியாத கோணம். ஆனால் அந்தக் கோணத்தில் திரும்பியபடி நேராக இழுக்கப்படும் சக்கரம், ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறு மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதற்குள் 240 மீட்டர் தூரம் டயரைத் தரையில் குறுக்காகத் தேய்த்த கணக்கு. டயரின் ஒரு ஓரம் மட்டும் ரம்பப் பல்போல மேய்ந்திருப்பதன் காரணம் இப்படியும் இருக்கலாம். அலைன்மென்ட் கடையில் எத்தனை முறை பணம் கட்டினாலும் இது தீராது, கோணம் நிலையாக இல்லையே! ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஒரு பக்கம், பிரேக் பிடித்தால் மறு பக்கம்.

ரப்பரைக் கொல்பவை மூன்று. முதலாவது வெப்பம். பத்து டிகிரி கூடினால் ஆக்ஸிஜன் அரிக்கும் வேகம் சுமார் இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளரின் கைக்கணக்கு. சித்திரை வெயிலில் தார் ரோட்டின் மேல், சைலன்சருக்குப் பக்கத்தில் இருக்கும் புஷ்ஷின் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாவது ஓசோன். காற்றில் அது சொற்பமாக இருந்தாலே போதும், இழுபட்டு நிற்கும் ரப்பரின் சங்கிலிகளை வெட்டிவிடும். புஷ்ஷின் விளிம்பில், இழுவிசைக்குக் குறுக்கே மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அது ஓசோனின் கையெழுத்து. மூன்றாவது நாமே ஊற்றுவது. சத்தம் வருகிறதென்று புஷ்மேல் பழைய இன்ஜின் ஆயிலையோ கிரீஸையோ தடவும் வழக்கம் எங்கும் இருக்கிறது. இயற்கை ரப்பரும் ஹைட்ரோகார்பன், கனிம எண்ணெயும் ஹைட்ரோகார்பன். எண்ணெய் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து ரப்பரை ஊத வைக்கும். ஊதிய ரப்பர் சில நாள் சத்தத்தை அடக்கும், பிறகு பிய்ந்து வரும்.

இதிலிருந்து பழைய கார் ஆர்வலர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: முப்பது வருடமாக டப்பாவிலேயே இருந்த ‘ஒரிஜினல்’ புஷ் புதிய புஷ் அல்ல. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயதாகிறது. நகத்தால் அழுத்தினால் தழும்பு மறையாமல் நின்றாலோ, வளைக்கும்போது விளிம்பு வெடித்தாலோ, நிறுவனத்தின் முத்திரையைப் பார்த்து மயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, சட்டகத்துக்கு அடியில் உறுதியான ஸ்டாண்ட் கொடுத்த பிறகே கீழே போக வேண்டும். செங்கல் அடுக்கிவிட்டு அடியில் படுப்பது தற்கொலைக்குச் சமம். தூக்கியதும் ஹெரால்டின் பின் சக்கரங்கள் இரண்டும் அடிப்பக்கம் உள்நோக்கி மடங்கித் தொங்கும். முதல்முறை பார்ப்பவர் ஏதோ உடைந்துவிட்டது என்று பதறுவார். ஊசல் அச்சின் இயல்பே அதுதான். பட்டையின் கண் போல்ட்டைக் கழற்றுமுன் சக்கரத் தாங்கிக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்துப் பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ரேடியஸ் ஆர்மின் முன்பக்கப் பிராக்கெட்டுக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய தகடுகள் இருக்கும். ஷிம் எனப்படும் இவைதான் பின் சக்கரத்தின் டோ கோணத்தை, அதாவது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை, தீர்மானிக்கின்றன. எந்தப் பக்கம் எத்தனை இருந்தன என்று எழுதி வைத்து, அதேபடி திரும்பப் போட வேண்டும். துடைத்துத் தட்டில் கொட்டிக் கலந்துவிட்டால் விஷயம் முடிந்தது.

பழைய புஷ்ஷைப் பல பட்டறைகளில் கேஸ் நெருப்பில் கொளுத்துவார்கள். புகை நுரையீரலுக்கு ஆகாது, தண்டின் கண்ணில் வெளிக்குழாயும் ஒட்டியே நிற்கும். இதைவிட நல்ல வழி வைஸ். தண்டின் கண்ணை வைஸின் இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்து, ஒரு பக்கம் வெளிக்குழாயைவிடச் சற்றுச் சிறிய பாக்ஸ் சாக்கெட், மறு பக்கம் புஷ் வந்து விழும் அளவுக்குப் பெரிய சாக்கெட். கைப்பிடியை முடுக்க முடுக்க, முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம், துரு பிடிவிட்டுவிடும். அதற்குப் பிறகு அரை அரைச் சுற்றாக நகர்ந்து வந்துவிடும். புதியதை இறக்கும்போது கண்ணின் உட்புறத்தை எமரி தாளால் தேய்த்துச் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும், எண்ணெய் காயாது. வைஸின் அழுத்தம் வெளிக்குழாயின் மேல்தான் விழ வேண்டும். உள்குழாயைத் தள்ளினால் ரப்பரின் ஒட்டு அப்போதே விட்டுப்போகும்.

புதிய புஷ் கிடைக்காவிட்டால் லேத் பட்டறைக்குப் போவது நம் வழக்கம். நைலான் ராடைக் கடைந்து கொடுப்பார்கள், பார்க்கக் கச்சிதமாக இருக்கும். அடிமூட்டில் நைலானுக்கு இடம் உண்டு என்று சொன்னேன், ரேடியஸ் ஆர்மில் கிடையாது. அங்கே தண்டு மேலும் கீழும் ஆடுவதோடு, சக்கரம் வளைவில் போவதால் சற்றே சாயவும் செய்கிறது. கெட்டியான புஷ் சாய விடாது. அந்த விசை நேராகப் பிராக்கெட்டுக்கும், துரு தின்ற அடித்தகட்டுக்கும் போகும். விலை மலிந்த புஷ்ஷைக் காப்பாற்றி, விலை உயர்ந்த உடலைக் கிழிக்கும் ஏற்பாடு.

வெளிநாட்டிலிருந்து சிவப்பிலும் நீலத்திலும் வரும் பாலியூரிதேன் புஷ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பரைவிடக் கடினமானவை, பெரும்பாலும் இரும்போடு ஒட்டப்படாமல் வழுக்கிச் சுழல்பவை. அதனால் அவற்றுக்கான தனி கிரீஸ் வேண்டும், அது வற்றினால் கீச்சிடும். பந்தயத் தளத்தில் வண்டி கத்திபோலத் திரும்பும் என்பது மெய். ஆனால் புழுதியும் வேகத்தடையும் பழக்கமான நம் சாலையில் கிரீஸோடு மண் சேர்ந்து அரைக்கும். பாலியெஸ்டர் வகைப் பாலியூரிதேன் என்றால் வெப்பமும் ஈரமும் சேர்ந்து மூலக்கூறையே அறுத்துவிடும். கடற்கரையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத இந்தப் பக்கத்துக்கு நான் சிபாரிசு செய்வது நல்ல இயற்கை ரப்பர் புஷ்தான்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஆறே மாதத்தில் புஷ் கிழிகிறது என்று சிலர் புலம்புவதைக் கேட்டிருக்கலாம். பெரும்பாலும் குற்றம் ரப்பரிடம் இல்லை, கடைசி ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. “தூக்கி வெச்சபடியே டைட் பண்ணிடலாம் சார், கை நல்லா போகுது” என்பார் மெக்கானிக். கை போகும்தான். ஆனால் அப்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் போல்ட்டை முடுக்கினால், உள்குழாய் தொங்கும் கோணத்திலேயே பூட்டப்படுகிறது. வண்டியை இறக்கியதும், ஒரு அடிகூட ஓடுமுன்பே, ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

எவ்வளவு முறுக்கு? ரேடியஸ் ஆர்ம் 45 செ.மீ. நீளம், சக்கரம் நடுநிலையிலிருந்து மேலே 7.5 செ.மீ., கீழே 7.5 செ.மீ. ஆடும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் பத்து டிகிரிக்குச் சற்றுக் குறைவு. உள்குழாயின் ஆரம் 6 மி.மீ., ரப்பரின் வெளி ஆரம் 12 மி.மீ. என்றால், உள்குழாயை ஒட்டிய ரப்பர் அடுக்கு சந்திக்கும் நழுவு திரிபு சுமார் 45 சதவீதம். நல்ல ரப்பர் இதைப் பொறுத்துக்கொள்ளும். தொங்கும் நிலையில் முடுக்கிய புஷ்ஷோ வண்டி சும்மா நிற்கும்போதே 45 சதவீதத்தில் இருக்கும். பள்ளத்தில் இறங்கிச் சக்கரம் முழுதாக மேலேறினால் 90. ஒட்டு விடுவதும் கிழிவதும் அங்கேதான் தொடங்கும். போதாக்குறைக்கு, இழுபட்டே நிற்கும் ரப்பரைத்தான் ஓசோன் தேடி வந்து வெட்டும்.

ஆகவே போல்ட்டுகளைக் கையால் திருகி விட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்க வேண்டும். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வகையில் அதுவும் போதாது. இறக்கிய உடனே பின்பக்கம் தூக்கலாக நிற்கும், டயர்கள் பக்கவாட்டில் வழுக்க முடியாமல் தரையைப் பிடித்திருக்கும். நாலடி முன்னும் பின்னும் தள்ளி, பின்பக்கத்தை அமுக்கி அமுக்கி விட்டால்தான் சரியான உயரத்துக்கு உட்காரும். பிறகு சர்வீஸ் குழியில் நிறுத்தியோ, நான்கு சக்கரத்தையும் ஒரே உயரச் சாய்தளத்தில் ஏற்றியோ போல்ட்டுகளை முடுக்கலாம். கை போவது கஷ்டம்தான். அந்தக் கஷ்டம் புஷ்ஷின் விலையில் சேர்ந்தது.

ஸ்டாண்டர்டு நிறுவனமே ஊசல் அச்சோடு அதிக காலம் மல்லுக்கட்டவில்லை. 1968-இல் நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தது. 1972-இல் அதன் வழிவந்த கெஸல் காரில், நம் பட்டறைகளுக்குப் பழக்கமான ஒற்றை இரும்பு அச்சுக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் வேறு வழியில் போனது. 1970-இல் வந்த நான்காம் வரிசையில் பட்டைக் கட்டின் பெரும்பகுதியை நடுவில் ஊசலாட விட்டு, வளைவுகளில் சக்கரம் மடங்கும் ஆபத்தைக் குறைத்தார்கள். 1980-இல் அதுவும் நின்றது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரோடு கடைசி முயற்சி செய்த சென்னை நிறுவனம் 1988-இல் கார் தயாரிப்பை முடித்துக்கொண்டது.

ஹெரால்டு இல்லாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. இன்று ஓடும் சிறிய கார்களின் முன்பக்க லோயர் ஆர்மிலும், பின்பக்கக் குறுக்குத் தண்டின் இரு முனைகளிலும் இதே ஒட்டுப்போட்ட ரப்பர் புஷ்தான் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உங்கள் வண்டிக்குப் புஷ் மாற்றும்போது, விலையைக் கேட்பதோடு நிறுத்தாமல் இதையும் கேளுங்கள்: “அண்ணே, இறக்கி நிறுத்திட்டு டைட் வெக்கிறீங்களா?”